எட்டுக்கு எட்டு

லீல் நகரிலிருந்து ஒருவன் அழைத்தான்.
பெயர் பாஸ்கால். தொலைந்த விளையாட்டுகளைத்
தேடிப் பிடிப்பவனாம்.
"ஆறாம் கட்டம் என்று ஒன்று இருந்ததா, மேடம்?
அதை முடித்தவர் நீங்கள் ஒருவர்தான் என்கிறார்கள்."
அடுப்பில் பருப்பு.
இருந்தது என்றேன்.

டண்டீ. இரண்டாயிரத்து மூன்று.
கம்பளக் கடைக்கு மேல்மாடி,
ஒன்பது பேர், ஒரு கெட்டில்.
ஜன்னலைத் திறந்தால் டே ஆற்றுக் காற்று
உள்ளே வந்து காகிதங்களைக் கலைக்கும்.

என் வேலை சுவரில் முட்டுவது.
உண்மையாகத்தான்.
உள்ளங்கைத் திரைக்குள் ஒரு பள்ளிக்கூடம்.
அதன் ஒவ்வொரு சுவரிலும், நான்கு திசையிலிருந்தும்,
அந்தப் பையனைக் கொண்டுபோய் முட்டவைக்க வேண்டும்.
முட்டினால் சரி.
புகுந்து போனால் பிழை, எழுதி வை.
மணிக்கு நாலு பவுண்டு எழுபது.

தலைமையாசிரியரின் டோப்பாவைத் திருடிவிட்டு
நடன இரவுக்குள் திருப்பி வைக்க அலைகிறவன் அவன்.
படம் இன்னும் வரவில்லை.
ஃபாக்ஸில் வந்த பதினோரு புகைப்படங்கள்,
பாதி வரிகள் மைபூசி மறைத்த வசனம்,
அவ்வளவுதான் எங்கள் கையில்.
டோப்பா பழுப்பாகத்தான் இருக்கும் என்றார் கெடஸ்.
திரையில் அது ஓர் எலிபோல ஓடியது.

படம் வரைகிற மோராக் ஒருநாள்
ஒரு லாக்கர் கதவை எனக்குத் தந்தாள்.
எட்டுக்கு எட்டு, அறுபத்து நான்கு புள்ளி.
"உன் பெயரைப் போட்டுக்கொள், யாருக்குத் தெரியப்போகிறது."
எழிலி.
எ நசுங்கியது.
ழ சுழிப்பதற்குள் புள்ளி தீர்ந்தது.
சாப்பாட்டு நேரம் முழுக்க அழித்து அழித்துப் பார்த்து
கடைசியில் ட போட்டேன்.
நெட்டுக்கோடு ஒன்று, படுக்கைக்கோடு ஒன்று.
என் பெயரில் ட இல்லை.

ஆறாம் கட்டம், நடன மண்டபம்.
டிராம்போன் வாசிக்கும் மார்லா
மேடைக்கு இடப்பக்கச் சுவருக்குள் நடந்து போய்விடுவாள்.
வெளியே கறுப்பு. புல்லும் வரையவில்லை, வானமும் வரையவில்லை.
அங்கே நின்றுகொண்டு
மூன்று நொடிக்கு ஒருமுறை கண் சிமிட்டுவாள்.
பிழை எண் நானூற்றுப் பன்னிரண்டு.
திருத்துவதற்குள் படம் வந்துவிட்டது.

மோராகும் நானும் மத்தியானக் காட்சிக்குப் போனோம்.
எங்களைத் தவிர, தொப்பியோடு தூங்கிய ஒரு மனிதர்.
டோப்பா சிவப்பு.
நல்ல தக்காளிச் சிவப்பு.
மோராக் சிரித்த சிரிப்பில் அவர் விழித்துக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் படத்தைத் தூக்கினார்கள்,
மூன்றாவது வாரம் எங்களை.
கெடஸ் பிஸ்கட் டின்னோடு மேசை மேசையாக வந்தார்.
எண் ஒட்டிய கேசட்டுகள் பன்னிரண்டு.
டின்னில் விழுந்தவை பதினொன்று.
ஏழாம் எண் என் கோட்டுப் பையில் கிடந்தது,
திருடவில்லை, மறந்துவிட்டேன்.
ஏப்ரல் வெயிலை நம்பி
அந்தக் கோட்டைத் தருமக் கடையில் கொடுத்தேன்.
பையைத் தடவிப் பார்க்கவில்லை.

"கடைசியில் மார்லா என்ன சொல்கிறாள்?
படத்தில் மாட்டேன் என்கிறாள்.
விளையாட்டில் வேறு என்று கேள்வி."

பாஸ்கால், நாற்பத்தோரு முறை முடித்தேன்.
வசனப் பெட்டி திறந்ததும்
வலது கட்டைவிரல் தானாகத் தட்டிவிடும்.
சுவருக்குத்தான் சம்பளம், படிக்க இல்லை.
முதல் எழுத்து மட்டும் பார்த்திருக்கிறேன்.
'ஐ' என்று தொடங்கினாள்.

மறுமுனையில் அவன் எழுதுகிற சத்தம்.

போலி நிறைய வருகிறது, என்றான்.
அசலென்று அறிய ஏதாவது அடையாளம்?
மாடி நடை, மூன்றாவது லாக்கர், ஓர் எழுத்து இருக்கும் என்றேன்.
என்ன எழுத்து?
ட.
தா?
இல்லை. நாக்கை மடக்கி, ட.
தா, என்கிறான்.
ட, என்கிறேன்.
தா.

என்னிடம் இல்லையே, பாஸ்கால்.