ஷேட் கார்டு

புரட்டாசி ஏழு.
மெல்பர்னில் இதை வசந்தம் என்கிறார்கள்.
நம்புவதற்கு எனக்கு ஒரு ஸ்வெட்டர் தேவைப்பட்டது.

நூல் கண்காட்சி நேற்றோடு முடிந்தது.
விமானம் இரவு பதினொன்றே காலுக்கு.
இடையில் ஒரு முழுப் பகல்,
யார் கணக்கிலும் எழுத முடியாதது.

டிராமில் எதிரே இருந்தவர் சொன்ன நிறுத்தத்தில் இறங்கி
டிக்கெட் கவுண்டரைத் தேடினேன்.
இல்லை. தாவரத் தோட்டத்துக்குள் சும்மாவே போகலாமாம்.
கொஞ்ச தூரம் திருட்டுத்தனமாகத்தான் நடந்தேன்.

திருப்பத்தில் ஒரு பலகை:
'கூட்டில் குஞ்சு இருக்கிறது, கொத்துவோம்' என்று
மேக்பை பறவைகளின் சார்பில் யாரோ எழுதியது.
கைப்பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு கடந்தேன்.
பைக்குள் ஷேட் கார்டு.
பதினாறு வருடமாக அது இல்லாமல் நான்
கல்யாண வீட்டுக்குக்கூடப் போனதில்லை.

அசேலியா.
ஒரு சரிவு முழுக்க, இலையே தெரியாமல்.
வாய் தானாகச் சொன்னது:
'நானூற்றுப் பன்னிரண்டு, இரண்டு நிமிடம் குறைவாக முக்கியது.'
கார்டை இதழோடு ஒட்டிப் பிடித்தேன்.
மேகம் நகர்ந்தது; நானூற்றுப் பதினெட்டு.
மறுபடி மேகம்; கார்டிலேயே இல்லாத ஒன்று.
இந்த லாட்டை நான் ரிஜெக்ட் செய்திருப்பேன்.
ஒரே செடியில் பூவுக்குப் பூ வித்தியாசம்,
பையருக்கு என்ன பதில் சொல்வது?

படமெடுத்துக்கொண்டிருந்த ஜோடி
என்னை ஆராய்ச்சியாளர் என்று நினைத்து
வழிவிட்டு நின்றார்கள்.

பெரணிப் பள்ளத்தில் பெரணிகள் மர உயரம்.
வெயில் தரைக்கு வருவதற்குள் பச்சையாகிவிடுகிறது.
எங்கோ ஒரு பறவை டிங், டிங் என்றது.
மெஷின் நின்றுவிட்டது என்று
திரும்பிப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

பிறகு ஏரி.
கால் நின்றுவிட்டது.

கரையோரம் முழுக்கச் சிவப்பு.
ரத்தமில்லை, செங்கல்லில்லை,
மெரூன், முதல் அலசலில் போகிற தண்ணீர்.
முதலில் வந்த கேள்வி:
ராத்திரி எந்தப் பட்டறைக்காரன் திறந்துவிட்டான்?
அடுத்தது:
நம்முடையதா?

இது நொய்யல் இல்லை. இங்கே நமக்கு வால்வும் இல்லை.
ஆனாலும் சுற்றிப் பார்த்தேன்,
யாராவது பார்க்கிறார்களா என்று.

வலைக்கரண்டியால் கரையை வாரிக்கொண்டிருந்தவரின்
சட்டையில் எலெனி என்றிருந்தது.
இந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்றேன்.
கையை நனைத்து நீட்டினார்.
உள்ளங்கையில் நூறு செடிகள்,
ஒவ்வொன்றும் எறும்பளவு, வேரோடு.
அசோலாவாம். குளிர் நெருக்கினால் சிவக்குமாம்.

எங்கள் பக்கம் கோழிக்குப் போடுகிற அதே அசோலா.
பச்சையாகவே பார்த்துப் பழகியிருந்தேன்.

விரலைத் தண்ணீரில் விட்டு
வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்தேன்.
கறை இல்லை.
இன்னொரு தடவை, அழுத்தித் தேய்த்தேன்.

அடியில் கரிய கயிறு போல ஒன்று வளைந்து போனது.
விலாங்கு, என்றார் எலெனி.
முட்டையிட இங்கிருந்து கடலுக்குப் போகுமாம்,
ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்.
எப்படி?
மழைநீர்க் குழாய், ஆறு, அப்புறம் கடல்.

குழாய் என்றதும் எனக்கு ஒன்று தொண்டைவரை வந்தது.
எங்கள் ஊரில் குழாய்வழி என்ன போகும் என்று சொல்ல
ஆங்கிலம் போதவில்லை.
ஆங்கிலம் போதவில்லை என்பது பொய்.

ஏரியைப் பார்த்த கடையில் ஸ்கோன் வாங்கினேன்;
புரட்டாசிக்கு ஒத்துவந்தது அது ஒன்றுதான்.
மணி இரண்டரை. திருப்பூரில் காலை பத்து.
முத்துக்குமரேசன் எழுதியிருந்தான்:
'டேங்க் நெறஞ்சிருச்சுங்க மேடம்.
சாயங்காலம் மழை வரும்போல.
எப்பவும்போலப் பண்ணிரலாங்களா?'

எப்பவும்போல.

ஸ்கோனில் ஜாம் தடவினேன்.
அது எந்த எண் சிவப்பு என்று பார்க்கவில்லை.
'நான் வரட்டும்' என்று அடித்தேன்.
அழித்தேன். மறுபடி அடித்தேன்.
அனுப்பியதும் இரண்டு நீலக் குறிகள்.
பதில் இல்லை.

தட்டின்மேல் நிழல் வந்து, போய், வந்தது.
அங்கே மேகம் எப்படியிருக்கிறதோ.