துளைக்குள் போன எழுத்து

கலமுடைந்தான்.
வெண்ணாற்றுக்குத் தெற்கே. பேருந்து நின்றால் உண்டு.
பிச்சைக்கு வந்த ஈசன் கையிலிருந்த திருவோடு
இந்தப் படித்துறையில்தான் உடைந்ததாம்.
கிருதயுகம் என்கிறது தலபுராணம்,
வருஷம் மட்டும் கேட்காதே என்கிற முகத்தோடு.

கடைத்தெருவில் கேட்டால் உடைந்தது கப்பல்.
நெல்மண்டியில் கேட்டால் அளக்கிற கலம்,
வரிக்கு வந்தவன் மண்டையோடு சேர்த்து.
அவரவர்க்கு எது சோறு போட்டதோ
அது உடைந்திருக்கிறது.

நான் கல்வெட்டுப் படி எடுப்பவன்.
அதிட்டானத்தில் தாளை நனைத்து ஒட்டி,
பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி,
உலரும்வரை நகராமல் நின்றேன்.
"கலமுடை" வந்தது.
பிறகு சுண்டுவிரல் நுழையும் ஒரு துளை.
பிறகு, புள்ளியில்லாத ஒரு ன.

உடைந்தான் என்றால் குருக்கள் சொல்வது சரி.
உடையான் என்றால் எவனோ ஓடக்காரன்,
சொந்தமாய்ப் படகு வைத்திருந்தவன்,
சாமியே இல்லை.
துளையைச் சுற்றிச் சிதறிய கல்லை அளந்தேன்:
ஒன்றரை எழுத்து அகலம்.
துளைக்குள் ட்யூப்லைட் கம்பி.
உபயம் ரெ. வைரக்கண்ணு, 1987.

குளத்துக்கு மேற்கே குழி.
மரியசெல்வி மேடம் ஆணியடித்து நூல் கட்டி அடுக்கு பிரித்தார்.
மேலே இரண்டு முழத்துக்குக் கலய ஓடு, கலய ஓடு,
மாசிமகத்துக்கு மாசிமகம் ஊர் போட்டு உடைப்பது.
அதன் அடிமட்டத்தில் ஒல்லாந்தர் செப்புக்காசு ஒன்று.
அதற்குக் கீழே அந்தக் கலயம் இல்லை.
பிறகு கறுப்பு சிவப்பு ஓடுகள், கொஞ்சம் கரி.
பிறகு மணல்.
பன்னிரண்டடியில் தண்ணீர் ஊறி
மோட்டார் வைக்கும்வரை ஆற்று மணல்.
அந்த யுகத்தில் இங்கே படித்துறை இல்லை, ஊர் இல்லை,
ஆறு போய்க்கொண்டிருந்தது.
ஈசன் வந்திருந்தால் நனைந்திருப்பார்.

எண்ணினோம். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு துண்டு.
முழுசாய் ஒன்றுகூட இல்லையே என்று
மேடம் சலித்துக்கொண்டார்.
கூடையோடு ஏறிக்கொண்டிருந்த காத்தாயி
திரும்பாமல் சொன்னாள்:
"உடையாதத யாருங்க மண்ணுல போடுவா?"

சாயங்காலம் சபேச குருக்கள் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார்.
மணலைச் சொன்னேன். காசைச் சொன்னேன்.
"முந்நூறு வருஷமா உடைக்கறோம்னு ஆச்சோல்லியோ"
என்று விபூதி கொடுத்தார்.
அந்த ட்யூப்லைட் எரியவில்லை,
வந்ததற்குப் பார்த்துவிட்டுப் போகமுடியுமா என்றார்.

அறிக்கையில் எழுதினேன்:
ஊர்ப்பெயர்க் காரணம் தெளிவில்லை.
சதுர அடைப்புக்குள் மூன்று புள்ளி.
உள்ளுக்குள் ஓடக்காரன் பக்கம் சாய்ந்திருந்தேன்.
என் அப்பா லாரி வைத்திருந்தவர்;
அதெல்லாம் சாட்சியம் ஆகாது.

மாசிமகத்தன்று என் கையிலும் ஒரு கலயம் திணித்தார்கள்.
போட்டேன்.
பதினேழு துண்டு. பழக்கதோஷம், எண்ணிவிட்டேன்.
நோட்டில் ஏற்றவில்லை.
பதினெட்டாவது
குளத்துக்குள் உருண்டிருக்கலாம்.