பதினாலாம் பக்கம்

அந்த ஊருக்கு மூன்று பக்கம் மலை,
ஒரு பக்கம் கடல்.
ஜனவரியில் வாசல் மறையப் பனி கொட்டும்.
பக்கத்துக்கு நூற்றியிருபது ரூபாய்க்கு
மொழிபெயர்க்கிறேன்,
வேளச்சேரியில், வியர்த்தபடி.

பனிக்கு அவர்களிடம் ஏழெட்டுச் சொல்.
என்னிடம் ஒன்றுதான்,
அதுவும் மார்கழியில் பைக் சீட்டை நனைப்பதோடு சரி.

சுனாமிக்கு அகராதி தேவைப்படவில்லை.

பதினாலாம் பக்கத்தில் ஒரு கல்.
அலை ஏறிவந்து திரும்பிய இடத்தில் நட்டது:
இதற்குக் கீழே வீடு கட்டாதே.
கட்டவில்லையாம், நான்கு தலைமுறையாக.

கட்டாதே. கட்டாதீர். கட்ட வேண்டாம்.
மூன்றையும் எழுதி அடித்தேன்.

போனில் கூரியர்காரர் இஸ்மாயில்,
பெருமழைக்குப் பின் மாறிய போர்டில்
தெருப்பெயர் காணோமாம்.
சத்தமாகச் சொல்கிறேன்:
ஏரி உள்வாய், மூன்றாம் குறுக்குத் தெரு.
தரைத்தளம்.