புல எண் 214/3

திரிசூலம் மலையின் பின்சரிவு.
குவாரி தின்றதுபோக மிச்சம்.
சக்கரங்களை இறக்கிக்கொண்டு
விமானங்கள் எங்கள் தலைக்குமேல் குனிகின்றன.

சங்கிலியின் மறுமுனையில் பூவராகன் கத்துகிறான்:
"மேடம், இங்க ஒரு ரவுண்டு வருது,
வரைபடத்துல இல்ல."

இல்லைதான்.
வரைபடத்தில் எல்லாம் நேர்கோடு.
இங்கோ முட்செடிக்கு நடுவே
முழங்கால் உயரப் பாறைகள் வட்டமாகக் குந்தியிருக்க
நடுவில் அள்ளிக் கொட்டிய கற்குவியல்.
அதன்மேல் ஆட்டுப் புழுக்கை, சிப்ஸ் உறை,
உடைந்த பாட்டிலில் நேற்றைய மழை.

பதுக்கை, என்றேன்.
"ரேஷன் அரிசியா மேடம்?"
சிரித்துவிட்டேன்.
ஆனால் அவன் கேட்டதில் தப்பில்லை.
யாரையோ இங்கே பதுக்கித்தான் வைத்திருக்கிறார்கள்,
நரிக்குத் தெரியாமல்,
தாசில்தாருக்குத் தெரியாமல்,
எத்தனை ஆயிரம் வருடமோ.

எண்ணினேன். இருபத்தொரு கல்.
இன்னொன்று இருந்த பள்ளத்தில்
தும்பை பூத்திருந்தது.

மாலையில் அதைப் பார்த்தேன்,
அடிவாரத்தில், ஒரு முனைவீட்டு வாசலில்.
வெள்ளையடித்து, மேலே சிவப்பில்:
இங்கே வண்டி நிறுத்தாதே.
"தண்ணி லாரிக்காரன் செவுத்த இடிச்சிட்டே இருந்தான்.
எங்க வீட்டுக்காரரு நாலு பேர வெச்சு உருட்டியாந்தாரு"
என்றார் ஃபிலோமினா.
"இப்ப அவரு இல்ல. கல்லு இருக்கு."
குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார்.

என் அப்பாவுக்கு
மின் மயானத்தில் டோக்கன் எண் ஆறு.
முக்கால் மணி நேரம். ஒரு சின்னப் பானை.
பட்டினப்பாக்கத்தில் அலை
அவரை வாங்கிக்கொண்டு
பானையை மட்டும் திருப்பித் தந்தது.
கல் என்று ஒன்றும் வைக்கவில்லை நாங்கள்.
வாடகை வீடு. எங்கே வைப்பது?

மறுநாள் தனியாக ஏறினேன்.
ஆளுக்கொரு கல் சுமந்து
அன்றைக்கு ஊரே ஏறியிருக்க வேண்டும் இந்தச் சரிவில்.
குவியலின் ஓரத்தில் ஒரு கல்,
பிள்ளை கைக்குள் அடங்கும் அளவு.
எடுத்தேன். வெயில் ஏறிச் சுட்டது.
அதே இடத்தில் வைத்தேன்.
அதே இடம்தானா, தெரியவில்லை.
விமானம் ஒன்று தன் நிழலை
என் மேலும் போட்டுவிட்டுப் போனது.

படிவம் நிரப்பினோம்.
அனுபவதாரர்: உண்டு.
பெயர்: தெரியவில்லை.
அறிவிப்பு கொடுத்த தேதி: கோடு போட்டேன்.
எல்லைக் கற்கள்: இருபத்திரண்டு.

"இருபத்தொண்ணுதானே மேடம்?"
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி பூவராகன்.

எழுது, என்றேன்.
ஒன்று வேலைக்குப் போயிருக்கிறது.