முப்பத்தொரு அங்குலம்

மரம் வெட்டக் கூப்பிடுகிறவர்கள்
அடிக்கட்டையைப் பற்றிப் பேசுவதில்லை.
கிளை இறங்கி, தண்டு துண்டாகி,
டாடா ஏஸில் ஏறிப் போன பிறகுதான்
"இது அப்படியே நிக்குதே" என்பார்கள்,
நான் என்னவோ மறந்துவிட்டுப் போவதுபோல.

அதற்குத் தனி ரேட்.
அங்குலத்துக்கு நூற்றைம்பது.
அகலமான இடத்தில் அளப்பேன், வேர்ப் புடைப்போடு.
ஒடுங்கிய இடத்தில் நாடாவைப் பிடித்துக் காட்டுகிறவர்களைப்
பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்.
"ஓனர் வரலையாம்மா?" என்கிறவர்களையும்.
நாடாவின் மறுமுனையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன்.

மிஷின் கோயம்புத்தூரில் கைமாறி வந்தது.
சக்கரத்தில் பதினாறு பல்.
பல் ஒன்று நானூற்றெண்பது.
உள்ளே என்ன வைத்திருக்கிறதென்று மரம் சொல்லாது:
கட்சித் தட்டி ஆணி, டியூஷன் போர்டு ஆணி,
கேபிள்காரன் கம்பி,
அயனாவரத்தில் ஒருமுறை முழு சைக்கிள் செயின்,
பூட்டோடு.
அன்றைக்கு மூன்று பல்.
தவணை ஐந்தாம் தேதி. அது தள்ளாது.

வில்லிவாக்கத்துப் பூவரசு புயலில் முறிந்தது,
ஏகாம்பரம் வீட்டுக்கும் லோகநாதன் வீட்டுக்கும் நடுவில்.
அண்ணன் தம்பி. எட்டு வருடமாகப் பேச்சில்லை.
காம்பவுண்டுச் சுவர் மரம்வரை வந்து நின்று
அந்தப் பக்கம் மறுபடி தொடங்கியிருந்தது.
விழுந்ததைக் கார்ப்பரேஷன் ஆட்கள் அறுத்து அள்ளினார்கள்.
மிச்சம் எனக்கு.

நாடா போட்டேன். முப்பத்தொன்று.
நாலாயிரத்து அறுநூற்றைம்பது,
வண்டிச் சத்தம் எண்ணூறு,
தூளை அள்ளிப்போட வேண்டுமானால் அது வேறு.

பெரியவர் குனிந்து பார்த்தார்.
"என் பக்கம் பதினாலு அங்குலந்தான். அதுக்கு மட்டும் போடு."
சின்னவர் தன் மாடியிலிருந்து எனக்குப் போன் செய்தார்.
"அவரு ஆசப்பட்டு வெச்ச மரம். அவரே தரட்டும்."
இருபதடி தூரம்.
அவர் குரல் இரண்டு காதிலும் கேட்டது,
ஒன்றில் கொஞ்சம் தாமதமாக.
"என்ன சொல்றான்?" என்றார் பெரியவர்.

பதினாலு பெருக்கல் நூற்றைம்பது, இரண்டாயிரத்து நூறு.
வண்டிச் சத்தத்தில் பாதி கேட்டார்.
வண்டி பாதி வராதுங்க, என்றேன்.

தணிகாசலம் மிஷினை இறக்கினான்.
சன்னல்களில் சில்லு தெறிக்காமல்
பிபின் மாஜி ப்ளைவுட் பலகையைத் தூக்கிப் பிடித்தான்.
"எங்கக்கா நிறுத்தறது?"
வளையங்களின் குறுக்கே சாக்பீஸில் ஒரு கோடு போட்டேன்.
சக்கரம் இடமும் வலமும் நக்கி நக்கித் தின்றது.
பூவரசின் நெஞ்சுக்கட்டை சாக்லேட் நிறம்.
தெருவெல்லாம் அந்த வாசனை.

கோட்டை நெருங்கும்போது டங்கென்றது.
அணைத்துப் பார்த்தால் இரும்பு வளையம்,
மரம் அதைச் சுற்றி வளர்ந்து விழுங்கியிருந்தது.
"ஜிம்மியக் கட்டுனது"
என்றார் மாடியிலிருந்தவர். போனில் இல்லை.
பெரியவர் நிமிரவில்லை.
வளையத்தையே பார்த்துக்கொண்டு,
"செவல நாயி. சங்கிலியத் தின்னும்" என்றார், பொதுவாக.

பல் ஒன்று போயிருந்தது.
யார் கணக்கு?
வளையம் சரியாகக் கோட்டின் மேல்.
இருநூற்று நாற்பது, இருநூற்று நாற்பது என்று
பில்லில் இரண்டு வரி எழுதினேன்.
படி இறங்குவதற்குள் என் போன் கிணுங்கியது:
லோகநாதன் எஸ், ரூபாய் 240.
அவரிடமிருந்து வந்த ஒரே காசு.

ஆடியில் ஐ.சி.எஃப். பக்கம் ஒரு வேலை முடித்து
அந்தத் தெரு வழியாகத் திரும்பினோம்.
அரைக்காத பதினேழு அங்குலம் துளிர்த்திருந்தது.
ஐந்தாறு குச்சிகள், சுவருக்கு மேல்,
எல்லாம் பெரியவர் வாசலைப் பார்த்துச் சாய்ந்து.
நிழலில் அவர் ஸ்கூட்டர்.

மறுநாள் அவரே கூப்பிட்டார்.
"அந்த மிச்சத்துக்கு இப்ப என்னம்மா ரேட்டு?"
டீசல் ஏறிப்போச்சு, அங்குலம் நூற்றெண்பது, என்றேன்.
"யோசிச்சுச் சொல்றேன்."

ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டது.
அவர் இன்னும் யோசிக்கிறார்.
நானும் போன் செய்து கேட்கவில்லை,
தவணைத் தேதியிலும்கூட.