எட்டு எழுத்து

இருபத்தெட்டு நாள் பேக்.
மாதத்துக்கு இரண்டு மூன்று நாளைத் திருடிக்கொள்கிறான்,
எனக்கு வருடத்தில் பதின்மூன்று மாதம்.
ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அதில்
மாமியார் சீரியலுக்கு முக்கால்,
கம்பெனி பஸ்ஸில் நான் பார்க்கும் சமையலுக்குக் கால்,
மிச்சம் வீட்டுக்கு.

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் டவர்
ஜன்னலின் மூன்றாவது கம்பியில்தான் கிடைக்கும்.
ரப்பர் பேண்டு போட்டுப் போனை அங்கே கட்டினேன்.
கொழுந்தன் தரணிக்கு குரூப் ஃபோர் விண்ணப்பம்.
கடைசி நாள், இரவு பதினொன்று இருபது.
"ஹாட்ஸ்பாட் போடுங்க அண்ணி. பாஸ்வேர்டு என்ன?"

"கொடு, நானே போடறேன்."

இங்கிலீஷில் ஆறு எழுத்துப் பெயர் அது.
எட்டு வேண்டும் என்று போன் அன்றைக்கு அடம்பிடித்தது.
ஆம்பூரில் ஒரே லைனில் இருந்தோமே,
அந்த வருடத்தின் கடைசி இரண்டு எண்ணைச் சேர்த்தேன்.
நான் மேல்தோல் தைப்பேன், அவன் சோல் ஒட்டுவான்.
அந்த மேஜையில் இப்போது மெஷின்.
பெயரைச் சொன்னால் போதும்,
எந்த ஆள் என்று இந்த வீட்டில்
ஒருத்தரும் கேட்க வேண்டியிருக்காது.

எட்டும் புள்ளி புள்ளியாக விழுந்தன.
பக்கத்தில் சின்னதாக ஒரு கண்.
தொட்டால் புள்ளியெல்லாம் எழுத்தாகிவிடும்.
இணைந்தது. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

பதினொன்று நாற்பதுக்கு மெசேஜ்:
இன்றைய டேட்டா தீர்ந்தது.
புதுசு பன்னிரண்டுக்குத்தான் வரும்.
அவன் விண்ணப்பமும் பன்னிரண்டுக்குத்தான் மூடும்.
பத்தொன்பது ரூபாய்க்கு பூஸ்டர் போடலாம் என்றால்
அதற்கும் நெட் வேண்டும், அது சுற்றிக்கொண்டே இருந்தது.
கையெழுத்துப் படம், வெறும் இருபது கேபி,
சித்திரை மாதத்து முனிசிபாலிட்டி குழாய் மாதிரி
சொட்டுச் சொட்டாகப் போனது.
நான் கம்பியோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
மூச்சு விட்டால் டவர் போய்விடும் என்று.

ஐம்பத்தெட்டில் விண்ணப்ப எண் வந்தது.
தரணி கத்தவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டான்.
பன்னிரண்டு அடித்ததும்
ஒன்றரை ஜிபி முழுசாக வந்து இறங்கியது,
பந்தி எழுந்தபின் வந்த பாயசம்.

காலை ஐந்தேகாலுக்கு டிபன் பாக்ஸை மூடுகிறேன்.
பல் துலக்கிக்கொண்டே,
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:
"பாஸ்வேர்டை மாத்திக்கங்க அண்ணி.
ஞாயித்துக்கிழமை அண்ணன் லேப்டாப் கேட்டிருக்காரு."

மாதனூர் பாலம் வரும்வரை யோசித்தேன்.
கீழே பாலாறு, மணலும் முள்ளும்.
எட்டு எழுத்தில் வேறு எதுவும் வரவில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டினேன்.
ஏழு வரை மங்கலாகக் கிடந்த 'சேமி'
எட்டில் வெளிச்சமானது.

இணைந்துள்ள சாதனங்கள்: பூஜ்யம்.
பேக் முடிய இன்னும் பதினோரு நாள்.