பொரளைச் சந்திவரை ஒரே குடை

துளசிகா போவது கின்சி வீதிக்கு.
நான் ராஜகிரியவுக்கு.
அட்டைகளில் ஒரே பல்கலைக்கழகம்,
இடையில்
வெட்டுப்புள்ளியின் தசமங்கள்.

"ஓ, யூனானியா" என்பார்
போடிங் ஆன்ட்டி.
பிரஷர் பார்க்க அவளைத்தான் கூப்பிடுவார்.
முழங்கால் வலிக்கு மட்டும்
இரவில், மெதுவாக, என் கதவு.

மே மாத மழையில் எனக்குக் காய்ச்சல்.
மணிக்கட்டைப் பிடித்து
கடிகாரம் பார்த்து எண்ணினாள்:
நூற்றுப் பன்னிரண்டு.
அவள் விட்ட அதே இடத்தில்
மூன்று விரல் வைத்து
நான் கண்ணை மூடினேன்.

"உன்ர நாடி என்ன சொல்லுது, ஷிமாரா?"
"பயந்து ஈக்கேனாம்."
"டெங்குவோ தெரியாது. எழும்பு,
ரத்தம் சோதிக்கோணும்."

முச்சக்கரவண்டியில்
மறுபடி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
இம்முறை
எண்ணவில்லை.